செம்மியின் குட்டி

குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, கண்ணாடித் தொட்டிலில் கிடத்தியாகிவிட்டது. தொட்டிலுக்குச் சூடு மட்டும் வரவில்லை.

டாக்டர் நூர்நிஸா பக்கவாட்டுப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். சுவரில் இருந்த சின்னத் திரை ஒவ்வொரு முறையும் 'படுக்கை காலி' என்றே காட்டியது. படுக்கையில் குழந்தை கிடந்தது. மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"தாணுவைக் கூப்பிடுங்க. ஓடி வரச் சொல்லுங்க."

தாணுலிங்கம் ஓடித்தான் வந்தான். ஆழி கனிமம் என்ற கம்பெனி குமரிக்குத் தெற்கே கடலின் அடியில் கட்டியிருந்த நிலையத்தின் கணினிகளுக்கெல்லாம் அவன் ஒருவன்தான் பொறுப்பு. வெளியே எவ்வளவு நீரழுத்தமோ அவ்வளவு அழுத்தம் நிலையத்தின் உள்ளேயும் இருக்கும். அப்படி இருந்தால்தான் வெல்டர்களும் குழாய்க்காரர்களும் நினைத்த நேரத்தில் கடலுக்குள் இறங்கி வேலை செய்ய முடியும். மூச்சுக்கு ஹீலியம் கலந்த காற்று. அந்தக் காற்று உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். வளர்ந்தவர்களே தூங்கும்போது வெந்நீர் ஓடும் போர்வைக்குள்தான் சுருண்டு கிடப்பார்கள்.

குழந்தையின் தாய் அருள்சீலி வெல்டர். குளச்சல் பக்கத்துப் பெண். கீழே இறங்கிய பிறகுதான் கர்ப்பம் என்று தெரிந்தது. அழுத்தம் குறைத்து மேலே அனுப்பினால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததற்குக் கையெழுத்துப் போட மேலே எந்த அதிகாரியும் முன்வரவில்லை. அதனால் பிரசவம் இங்கேயே நடந்தது. புருஷன் ஆன்றோ, தலைக்கு மேலே மிதக்கும் தாய்க்கப்பலில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

தாணு மடிக்கணினியைத் தொட்டிலின் காலடியிலேயே வைத்துக் குந்தினான்.

"பாப்பாவப் பதிஞ்சீங்களா டாக்டர்?"

"பொறந்த உடனே பதிஞ்சேன். நம்பர் கூட வந்துச்சு."

அவன் தேடிப் பார்த்தான். நம்பர் இருந்தது, எடை இருந்தது, படுக்கையும் சரியாக இருந்தது. ஆனால் சூட்டுக் காற்றைத் திறந்துவிடும் வால்வு பார்க்கும் பக்கத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. ஒரே வினாடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் பொதுவா ஒரு டேபிள் இருக்கு. 'உயிர்'னு பேரு. மூச்சு விடுற எதுவா இருந்தாலும் அதுல ஒரு வரி. அதுக்கு மேல என்ன வகைங்கிறதுக்குத் தனித்தனி டேபிள். ஊழியர், ஒப்பந்தக்காரர், பார்வையாளர், விலங்கு. நாலே வகைதான். வால்வு, பொது டேபிளையும் வகை டேபிளையும் நம்பர வச்சு சேத்துப் பாக்கும். ரெண்டுலயும் இருந்தாத்தான் காத்துத் தரும். பாப்பா பொதுவுல இருக்கா, வகையில இல்ல. சேக்கும்போது அவ வரி உதிர்ந்து போகுது."

"உதிர்ந்துன்னா?"

"அவ இல்லன்னு அர்த்தம்."

"சேக்கிற விதத்த மாத்துங்களேன். வகை இல்லாட்டியும் பொது வரி தங்குற மாதிரி."

"அதத்தான் பாக்கிறேன்."

இணைப்பைத் தளர்த்தி ஓட்டினான். குழந்தையின் வரி தங்கியது. திரையில் 'படுக்கை காலி' மறைந்தது. டாக்டர் பெருமூச்சு விட்டார். ஆனால் குழாயிலிருந்து வந்தது பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்ற காற்று. எத்தனை டிகிரி சூடு என்பது வகை டேபிளில் இருக்கிற விவரம். வகையே இல்லாததால் அந்த இடம் வெறுமையாக வந்தது. வெறுமையை வால்வு பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. வால்வுக்குள் இருக்கும் நிரலையே திருத்தலாம் என்றால், அது முத்திரை வைத்த பெட்டி. மேலிருந்து அனுமதி வர வாரங்கள் ஆகும்.

தாணு அவசரமாக இணைப்பைப் பழையபடி இறுக்கினான். குழந்தையை ஊழியராகச் சேர்க்கப் பார்த்தான். வயது பதினெட்டுக்குக் குறைவு என்று தள்ளியது. ஒப்பந்தக்காரருக்கும் அதே பதில். பார்வையாளராகப் போட்டான், எந்த இறங்குகூண்டில் வந்தார் என்று கேட்டது. கூண்டில் வரவில்லை, தாயின் வயிற்றில் வந்தாள் என்று எழுத அங்கே இடமில்லை.

மிச்சம் ஒரு வகை இருந்தது. நடைபாதையின் கோடியில் ஆட்டுத்தொழுவம் உண்டு. அழுத்தம் குறைத்து மேலே ஏற்றும் சோதனைகளுக்காக நூர்நிஸாவே வளர்க்கும் ஆடுகள். புதிதாய்ப் பிறந்த குட்டிக்கென்று தனிச் சூட்டு அளவு அந்த டேபிளில் எழுதப்பட்டிருந்தது.

தாணு டாக்டரின் முகத்தைப் பார்த்தான். டாக்டருக்கு விளங்கியது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே." கட்டிலில் கிடந்த அருள்சீலி தலையைத் தூக்கினாள். "எனக்க பிள்ளைய என்னன்னு எழுதப் போறீங்க?"

அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆட்டுக்குட்டின்னு சீலி. இப்போதைக்குத்தான்."

"ஆடோ மாடோ, சூடு வருமா?"

"வரும்."

"அப்பம் எழுதுங்க. என்னத்துக்கு என்னப் பாத்துட்டு நிக்கிறீங்க?"

'தாய்' என்ற இடத்தில் அருள்சீலியின் நம்பரைப் போட்டான். ஏற்கவில்லை. தாயும் விலங்கு டேபிளில் இருக்க வேண்டுமாம். காலியாக விட்டால் குட்டிக்குரிய சூடு கிடைக்காது. தொழுவத்தில் அண்மையில் ஈன்றிருந்த ஆட்டின் பெயர் செம்மி. அதன் நம்பரைத் தட்டினான்.

உஸ்ஸென்று வெதுவெதுப்பான காற்று வந்தது. சிறிது நேரத்தில் குழந்தையின் உதட்டில் ரத்தம் ஏறியது. டாக்டர் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். தாணுவுக்கு அழுகை வரவில்லை. தட்டிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே அவன் மேலே எழுதினான். 'குழந்தை' என்று ஐந்தாவது வகை ஒன்று வேண்டும், அரை நாள் வேலை, அனுமதி மட்டும் தந்தால் போதும். பதில் வரவில்லை. மறுபடி எழுதினான். கடைசியில் கப்பலிலிருந்து நிலைய மேலாளர் முகுந்தன் பேசினார். இனிமையாகப் பேசுகிறவர்.

"தாணு, நீங்க கேக்கிறது டெக்னிகலா ரொம்பச் சின்ன விஷயம். புரியுது. ஆனா அந்த டேபிளை உண்டாக்கினா என்ன அர்த்தம்? கடலடியில குழந்தைங்க இருக்கலாம்னு கம்பெனி ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சட்டப்படி இருக்கவே கூடாது. இன்ஷூரன்ஸ்காரன் அன்னிக்கே ஓடிடுவான்."

"ஆனா இருக்கா சார்."

"ரெக்கார்டுல இல்லையே. அங்க ஒரு ஆட்டுக்குட்டிதான இருக்கு? உங்க ஏற்பாடு நல்லா ஓடுது. நோண்டாதீங்க."

குழந்தைக்கு லிதியா என்று பெயர் வைத்தார்கள். அவள் தவழத் தொடங்கியதும்தான் அந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்கு விலங்கு வரக்கூடாது. லிதியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அருள்சீலி போய் நின்றால் கதவு திறக்காது. உள்ளே எல்லோரும் சாப்பிடுவது கண்ணாடி வழியே தெரியும். யாராவது ஒருவர் தட்டை எடுத்து வந்து நடைபாதையில் அவளோடு உட்கார்ந்து தின்பார்கள். காய்ச்சல் வந்தபோது மருந்துப் பெட்டி கால்நடை மருந்தை நீட்டியது. நூர்நிஸா தனக்குக் காய்ச்சல் என்று எழுதி மாத்திரை வாங்கி, பொடித்துக் கொடுத்தார். மாதா மாதம் எடை பார்க்கச் சொல்லி நினைவூட்டல் வரும். 'செம்மியின் குட்டி, எடை சரிபார்க்கவும்.' அருள்சீலி அதை ஒருமுறை பார்த்துவிட்டாள். அன்று முழுக்கத் தாணுவோடு பேசவில்லை.

அவனுக்குத் தூக்கம் கெட்டுப்போனது. எந்த வேலையில் உட்கார்ந்தாலும் நடுவில் எழுந்து போய் விலங்கு டேபிளைத் திறந்து அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான். அது அழிந்துவிடுமோ என்று ஒரு பயம். அழியாமல் அப்படியே கிடக்கிறதே என்று இன்னொரு பயம்.

அப்படி ஒருநாள் பார்க்கும்போதுதான் வரியின் கோடியில் புதிதாக ஒரு தேதி முளைத்திருந்தது. அதை அழிக்கப் பார்த்து, முகுந்தனிடமும் பேசிவிட்டு, அவன் டாக்டரின் அறைக்கு ஓடினான்.

"டாக்டர், சோதனைக்கு ஆடுகள எப்படித் தேர்ந்தெடுக்கிறீங்க?"

"நான் எங்க தேர்ந்தெடுக்கிறேன்? எடையும் வயசும் வந்தா சிஸ்டமே தேதி போட்டுடும்." சொல்லி முடிக்கும்முன் அவர் முகம் வெளிறியது. "லிதியாவா?"

"வர்ற வெள்ளிக்கிழமை. அன்னிக்கு அவளோட படுக்கை நம்பர், ஆடுகள மேல அனுப்புற ஏற்றக்கூண்டுக்கு மாறிடும். தொட்டில் சூடு நின்னு போயிடும். அந்தத் தேதிய என்னால அழிக்க முடியல. வரியவே அழிச்சுப் புதுசா எழுதினாலும் எடையப் பாத்து அதே தேதிதான் போடும். முகுந்தன் சாரக் கேட்டேன். 'ஆட்டோமேட்டிக்கா நடக்கிறது, நான் தடுத்தா ஏன்னு எழுதிக் கேப்பாங்க'ங்கிறார்."

அருள்சீலியை வரவழைத்துச் சொன்னார்கள். அவள் கத்தவில்லை. லிதியா அவள் மடியில் இருந்து டாக்டரின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கூண்டுல ஏத்தினா மேல போயிருவாளா டாக்டர்?"

"மேல போகும். ஆனா ரெண்டு அட்டவணை இருக்கு சீலி. தனிக்குட்டிய வேகமா ஏத்துவாங்க. எவ்வளவு வேகம் தாங்கும்னு பாக்கத்தான் அந்தச் சோதனையே. தாயோட சேர்ந்த பால்குடிக் குட்டின்னா ரொம்ப மெதுவா, நாள் கணக்குல ஏத்துவாங்க. மெதுவா ஏத்தினதுல ஒரு குட்டி கூட இதுவரை சாகல."

"அப்பம் மெதுவா ஏத்துங்க."

"செம்மிக்குப் பால் வத்திடுச்சு, வேற பால் ஆடும் தொழுவத்துல இல்ல. பால் வத்தின தாய் கூட சேர்ந்து போக முடியாது."

அருள்சீலி மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தாணுவைப் பார்த்தாள்.

"எனக்குப் பால் இருக்கு. என்ன எழுதுங்க."

"என்ன சொல்றீங்க?"

"அவள ஒங்க டேபிள்ல கொண்டுவர முடியல்ல. சரி. நான் அவளுக்க டேபிளுக்குப் போறேன். எனக்க பிள்ளைக்குத் தாய்னு எனக்க நம்பரப் போடுங்க. மனுச நம்பர் எடுக்காதுன்னா ஆட்டு நம்பராப் போடுங்க. பெத்தவ நான்."

தாணு எழுந்து அறைக்குள் அங்குமிங்கும் நடந்தான். "வகைய மட்டும் மாத்த முடியாது சீலி. ஊழியரா எழுதின வரி ஊழியராத்தான் இருக்கும். உங்கள அழிச்சிட்டுப் புதுசா எழுதணும். அழிச்சா சம்பளம், சர்வீஸ், எல்லாம் போயிடும். நாளைக்கு இந்த அழுத்தத்தால மூட்டு எலும்பு தேஞ்சு போச்சுன்னா ஆயுசு முழுக்க நஷ்டஈடு தரணும்னு சட்டம் இருக்கே, அதுவும் கிடைக்காது. அழிக்கிறதுக்கும் எழுதுறதுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் நீங்க எங்கயுமே இருக்க மாட்டீங்க. கூண்டுக்குள்ள வச்சுத்தான் மாத்தணும், ஆள் இல்லன்னு அங்க மூச்சுக் காத்த நிறுத்திட்டு வெறும் ஹீலியம் விடும்."

"எவ்வளவு நேரம்?"

"எல்லாம் சரியாப் போனா மூச்சப் பிடிச்சுக்கிற நேரம்."

"நான் கடல்காரி அண்ணே. மூச்சப் பிடிக்க எனக்குச் சொல்லித் தரண்டாம்."

வெள்ளிக்கிழமை அவள் பிள்ளையோடு ஏற்றக்கூண்டுக்குள் போனாள். கூண்டு சின்னது, இரும்பு வாளி மாதிரி வட்டமானது. தரையில் வைக்கோல் விரித்திருந்தது. லிதியாவைத் தனிக் காற்றுக்குழாய் உள்ள சூட்டுப்பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு அருள்சீலி கேமராவைப் பார்த்துத் தலையசைத்தாள். கட்டுப்பாட்டு அறையில் நூர்நிஸா தாணுவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

தாணு 'அழி' என்று தட்டினான். அருள்சீலி அழிந்தாள்.

கூண்டின் காற்றுக்குழாய் நின்றது. விளக்கு மங்கியது. தயாராக வைத்திருந்த புது வரியைச் செலுத்தினான். நிராகரித்தது. 'மேய்ப்பவர் குறிப்பிடப்படவில்லை.'

லிதியாவைப் பதிந்தபோது இந்தக் கேள்வியே வரவில்லை. குட்டிக்குத் தாயே போதுமாக இருந்திருக்கும். வளர்ந்த ஆட்டுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமாக்கும். திரையில் அருள்சீலி வாயை இறுக்கி மூடியிருந்தாள். உள்ளே சூடு மளமளவென்று இறங்கியது. அவள் உடம்பு உதறத் தொடங்கியது. பெட்டியின் மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"என் நம்பரப் போடுங்க," என்றார் நூர்நிஸா.

"நாளைக்கு ஏதாவது ஆனா உங்க தலையில..."

"போடுங்கங்கிறேன்ல!"

போட்டான். குழாய் சீறியது. அருள்சீலி வாயைத் திறந்து காற்றை விழுங்கினாள். இருமினாள். தாணு லிதியாவின் வரியில் செம்மியை எடுத்துவிட்டு அந்தப் புது நம்பரைத் தாயாகப் போட்டான். 'பால்குடிக் குட்டி, தாயுடன். மெதுவான அட்டவணை' என்று பச்சையில் எழுந்தது. கூண்டு அசைந்தது.

நாள் கணக்கில் அது ஏறியது. தாணு திரையை விட்டு நகரவில்லை. தாயும் பிள்ளையும் வைக்கோலில் தூங்கினார்கள், விழித்தார்கள், விளையாடினார்கள். கப்பலின் அடித்தளத்தில் விலங்குகளுக்கான கதவு திறந்தபோது ஆன்றோ அங்கே காத்திருந்தான். வெளிக்காற்று உள்ளே நிறைந்தது.

"லிதியா, அப்பாவப் பாரு," என்றாள் அருள்சீலி.

பிள்ளை திடுக்கிட்டது. பிறந்ததிலிருந்து ஹீலியத்தின் கீச்சுக் குரலைத்தான் அது அம்மாவின் குரலாகக் கேட்டிருந்தது. பெரியவர்களுக்குக் குரலைச் சரிசெய்து தரக் காதுக்கருவி இருந்தது. குழந்தைக்கு யார் மாட்டினார்கள்? இந்தக் கனத்த குரல் யாருடையது என்று அதற்குத் தெரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து வீறிட்டது. அவள் சமாதானம் சொல்லச் சொல்லக் கூடுதலாக அழுதது. அருள்சீலி பேச்சை நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்து, சத்தமே இல்லாமல் ஆட்டிக்கொண்டு நின்றாள். ஆன்றோ அருகில் வரப் பயந்து அப்படியே நின்றான்.

கப்பலிலிருந்து அவர்கள் எப்படியோ கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பிறகு தகவல் வந்தது. கம்பெனி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஊழியரைக் காணவில்லையே என்று எந்த விசாரணையும் வராததே தாணுவுக்கு உறுத்தலாக இருந்தது. முகுந்தன் அவனை அழைத்தபோது, வேலை போகப் போகிறது என்றுதான் நினைத்தான்.

"பிரமாதம் தாணு," என்றார் முகுந்தன்.

"சார்?"

"அந்தப் பொண்ணு விஷயம். ஹெட் ஆபீஸ்ல பாத்து அசந்துட்டாங்க. ஒரு ஊழியரை மேல அனுப்பணும்னா டாக்டர் சர்டிபிகேட், இன்ஷூரன்ஸ், ஏறுற நாளுக்கெல்லாம் சம்பளம், அப்புறம் ஆயுசுக்கும் எலும்பு நஷ்டஈடு. நீங்க பண்ணின விதத்துல ஒண்ணுமே இல்லை. ஒப்பந்தம் முடிஞ்சு பன்னிரண்டு பேர் கீழ இருக்காங்கல்ல? மேல வரணும்னு நச்சரிச்சிட்டே இருக்காங்க. அவங்களையும் அதே மாதிரி மாத்தி ஏத்திடுங்க. பேரெல்லாம் அனுப்பியிருக்கேன்."

"நடுவுல காத்து நிக்கும் சார். அந்தப் பொண்ணு செத்திருப்பா."

"கொஞ்ச நேரம்தான? அவ சமாளிச்சாளே."

"அது... அவளாக் கேட்டது சார்."

"இவங்களும்தான் மேல போகணும்னு கேக்கிறாங்க. என்ன வித்தியாசம்?" குரலில் இனிமை குறையவில்லை. "இந்த வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க."

இணைப்பு துண்டானது. தாணு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். ஒரு பிள்ளைக்குச் சூடு வரட்டும் என்று அவன் தட்டிய வரி எங்கெங்கோ போய்க் கிளை விட்டிருந்தது. அழிக்க உட்கார்ந்தால் இனி எதை அழிப்பது? அவன் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு எழுந்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் பகல் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வெல்டர்கள், குழாய்க்காரர்கள், சமையல்காரர், மூலையில் நூர்நிஸா. தாணு ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றான். இதுவரை அவன் நாலு பேர் நடுவில் பேசியதில்லை.

"கொஞ்சம் கைய நிறுத்துங்க. உங்களப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

ஒன்றையும் விடாமல் சொன்னான். தான் செய்ததையும் சொன்னான், செய்யச் சொல்லியிருப்பதையும் சொன்னான். பன்னிரண்டு பெயரையும் படித்தான். பெயர் வந்தவர்கள் தட்டைத் தள்ளி வைத்தார்கள். ஒரு வயதான குழாய்க்காரர், "எனக்க முட்டி இப்பமே போச்சு. அதுக்கு ஒண்ணும் தரமாட்டானுவளா?" என்று மட்டும் கேட்டார். தாணு இல்லை என்று தலையசைத்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வேலைமுறைக்கு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடலுக்குள் போகும் கதவருகே உடுப்புகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மணி மறுபடியும் அடித்தது. அப்புறம் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தாணு எடுக்கப் போனான். நூர்நிஸா அவன் கையை விலக்கிவிட்டுத் தானே எடுத்தார்.

மறுமுனையில் முகுந்தன் பேசுவது கூடம் முழுவதும் கேட்டது. குழாய் இணைப்பு பாதியில் நிற்கிறதாம், வெல்டர்கள் ஒருவர்கூட வெளியே இறங்கவில்லையாம், என்ன நடக்கிறது அங்கே?

நூர்நிஸா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார்.

"ஆடு வெல்டிங் பண்ணாது சார்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.